நாயின் கழுத்தில் ரிமோட்: மாட்டும் முன் அறிந்துகொள்ள வேண்டியவை

விடியற்காலை நான்கு மணிக்கே ஸ்கூடாய் விழித்துக்கொள்ளும். தாமான் யூனிவர்சிட்டி, தாமான் ஸ்ரீ ஸ்கூடாய், முத்தியாரா ரினி என எந்தக் குடியிருப்பாக இருந்தாலும் அந்த நேரத்தில் மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள். முதல் மோட்டார் தெருவைத் தாண்டும்போது ஒரு வீட்டு நாய் குரைக்கும். அடுத்த நிமிடம் அந்த வரிசையில் உள்ள எல்லா நாய்களும் சேர்ந்துகொள்ளும். கேட் திறந்திருந்தால் போதும், சில நாய்கள் மோட்டாரைத் துரத்திக்கொண்டே மூலை வரை ஓடும்.

இதனால் வரும் சண்டைகள் சின்னவை அல்ல. தூக்கம் கெட்டவர் புகார் கொடுக்கிறார். துரத்தப்பட்டவர் விழுந்து அடிபடுகிறார். நம் அண்டை வீட்டில் முஸ்லிம் குடும்பம் இருந்தால் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் சமய முறைப்படி மண் கலந்த நீரால் கழுவித் தூய்மை செய்ய வேண்டியிருக்கும். நமக்கு விளையாட்டாகத் தெரிவது அவர்களுக்குச் சங்கடம். கடைசியில் இந்தச் சண்டைகளில் தோற்பது பெரும்பாலும் நாய்தான். யாரிடமாவது கொடுத்துவிடுகிறார்கள், அல்லது எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள்.

இந்த இடத்தில்தான் "ஷாக் காலர்" என்று பலரும் சொல்லும் மின்னணுக் கழுத்துப்பட்டை வீட்டுக்குள் வருகிறது. இணையக் கடையில் தேடினால் நூறு ரிங்கிட்டைச் சுற்றிய விலையில் வரிசையாகக் கிடைக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் நாய் அடங்கிவிடும் என்று விளம்பரம் சொல்கிறது.

நான் ஸ்கூடாயில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு அறிவியல் டியூஷன் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் வீட்டில் எப்போதும் நாய் உண்டு. அதனால் இந்தப் பட்டையைப் பற்றிய கேள்விகள் என்னிடம் அடிக்கடி வருகின்றன. வாங்கலாமா, எப்படி மாட்டுவது, எந்த எண்ணில் வைப்பது? இந்தச் சிறிய பெட்டிக்குள் மின்னியல், வானொலி அலை, உயிரியல், உளவியல் ஆகிய நான்கு பாடங்களும் இருக்கின்றன. நான்கும் தெரியாமல் பொத்தானை அழுத்துவது நாய்க்கு நல்லதல்ல.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

இதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று நம் கையில் இருக்கும் ரிமோட். மற்றொன்று நாயின் கழுத்துப்பட்டையில் பொருத்திய சிறிய பெட்டி. பெட்டியின் உட்பக்கத்தில் இரண்டு உலோக முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ரிமோட்டை அழுத்தியதும் வானொலி அலை வழியாகக் கட்டளை போகிறது. பெட்டி மூன்றில் ஒன்றைச் செய்கிறது: பீப் ஒலி எழுப்பும், கைப்பேசி போல் அதிரும், அல்லது இரண்டு முனைகளுக்கும் நடுவே தோல் வழியாக மின்துடிப்பு அனுப்பும்.

மின்சாரம் நாயின் உடல் முழுதும் பாய்வதில்லை. இரு முனைகளுக்கு இடையில் உள்ள தோல், தசைப் பகுதியில் மட்டுமே ஓடுகிறது. ஒவ்வொரு துடிப்பும் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவான நேரமே நீடிக்கிறது. அதனால்தான் சில விற்பனையாளர்கள் இதை இயன்முறை சிகிச்சையில் தசைக்கு வைக்கும் மின்தூண்டல் கருவியோடு ஒப்பிடுகிறார்கள். ஒப்பீடு பாதிதான் சரி. சிகிச்சை பெறுகிறவருக்கு என்ன நடக்கப் போகிறது என்று தெரியும். வலித்தால் "போதும்" என்று சொல்வார். நாய்க்கு இரண்டும் இல்லை.

ஓம் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மின்னழுத்தம் மாறாதபோது தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும். காய்ந்த தோலின் தடை அதிகம். ஈரத் தோலின் தடை மிகக் குறைவு. நம் ஜொகூர் வானிலையில் மதியம் வெயில், மாலை மழை. காலையில் நாய் உணராத எண்ணையே மாலையில் நனைந்த கழுத்தில் அது கடுமையாக உணரலாம். 2013-இல் வெட்டரினரி ரெக்கார்ட் என்ற கால்நடை மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு, சந்தையில் உள்ள பட்டைகளை அளந்து பார்த்து, மாடலுக்கு மாடல் வலிமையில் பெரிய வேறுபாடு இருப்பதைக் காட்டியது. ஆகவே "என் நண்பன் வீட்டில் 20-இல் வைக்கிறார்கள்" என்பது உங்கள் நாய்க்கு எந்த வகையிலும் பொருந்தாது.

இந்தக் கருவி 1960-களில் அமெரிக்காவில் வேட்டை நாய்களுக்காகப் பரவலானது. தூரத்தில் மானைத் துரத்தி ஓடும் நாயைத் திருப்ப வேறு வழி இல்லை என்று வேட்டைக்காரர்கள் நினைத்தார்கள். பரந்த வெளிக்காகச் செய்த கருவிதான் இன்று நம் வரிசை வீடுகளின் ஐந்தடிக் கேட்டுக்குப் பின்னால் நிற்கும் நாய்க்கு வந்திருக்கிறது.

நாய் எப்படிக் கற்கிறது?

ரஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லோவ், உணவுக்கு முன் வரும் ஓர் அடையாளத்தையே நாய் உணவோடு இணைத்துக்கொள்ளும் என்று காட்டினார். பிறகு அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர், ஒரு செயலுக்குப் பின் என்ன வருகிறதோ அதைப் பொறுத்தே அந்தச் செயல் கூடும் அல்லது குறையும் என்பதை விரிவாக ஆராய்ந்தார். மின்பட்டைப் பயிற்சி இந்த இரண்டின் மேலும் நிற்கிறது.

முறையாகக் கற்ற பயிற்சியாளர் பட்டையைத் தண்டனையாகத் தொடங்குவதில்லை. நாய் மெல்ல உணரும் அளவில் துடிப்பை வைத்து, "வா" என்று அழைத்து, கயிற்றால் தன் பக்கம் வழிகாட்டுவார். நாய் திரும்பிய அந்த நொடியே துடிப்பை நிறுத்துவார். "திரும்பினால் இந்தத் தொல்லை நிற்கிறது" என்று நாய் கற்கிறது. இதற்கு "வா" என்ற சொல்லின் பொருள் நாய்க்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியாத நாய்க்கு வலி மட்டும்தான் தெரியும். என்ன செய்தால் அது நிற்கும் என்பது தெரியாது.

அந்த நிலை எவ்வளவு மோசமானது என்பதை 1967-இல் அமெரிக்காவில் செலிக்மன், மேயர் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டியது. என்ன செய்தாலும் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சியை முன்பு அனுபவித்த நாய்களில் பல, பிறகு தப்பிக்க வழி இருந்தும் முயலவில்லை. படுத்துக்கொண்டு முனகின. இதைக் "கற்றுக்கொண்ட இயலாமை" என்கிறார்கள். "இப்போ ரொம்ப அமைதியா ஆயிடுச்சு" என்று சிலர் பெருமையாகச் சொல்லும் நாய் உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்று இதைப் படித்தவர்கள் யோசிப்பார்கள்.

இன்னொரு ஆபத்து, தவறான இணைப்பு. நாய் மோட்டாரைத் துரத்தும்போது நீங்கள் பொத்தானை அழுத்துகிறீர்கள். அந்த நொடியில் நாயின் கண்ணில் பட்டது பக்கத்து வீட்டுச் சிறுவன் என்றால், வலி சிறுவனோடு ஒட்டிக்கொள்ளும். மோட்டார் மேல் முன்பு இருந்தது ஆர்வம் மட்டும் என்றால், இப்போது அதில் பயமும் கோபமும் சேரும். ஏற்கெனவே பயத்தாலோ கோபத்தாலோ பாயும் நாய்க்கு இந்தப் பட்டையைப் போடவே கூடாது என்று சொல்வது இதனால்தான்.

மாட்டுவது எப்படி?

மாட்டியே ஆக வேண்டும் என்று ஒரு குடும்பம் முடிவு செய்தால், சரியாக மாட்டுவதும் ஒரு பொறுப்பு. பெரும்பாலான கையேடுகள் சொல்வதையும் என் கண்ணால் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு வேண்டாம். சினையாக இருக்கும் நாய்க்கும் நோயுற்ற நாய்க்கும் வேண்டாம். சந்தேகம் இருந்தால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அடங்காத நாய்க்குச் சில வேளை காதுவலியோ மூட்டுவலியோ காரணமாக இருக்கும்.

மாட்டும்போது பெட்டி அணைந்திருக்க வேண்டும். நாய் நின்றுகொண்டிருக்கட்டும். பட்டை கழுத்தின் மேற்பகுதியில், காதுக்குச் சற்றுக் கீழே வரட்டும். பெட்டி மூச்சுக்குழாயின் நேர் முன்னால் இல்லாமல் கழுத்தின் பக்கவாட்டில் இருப்பது நல்லது. இரண்டு முனைகளும் தோலைத் தொட வேண்டும். முடி அடர்ந்த நாயென்றால் பெட்டியை மெல்ல அசைத்து முனைகளை முடிக்குள் இறக்குங்கள். பல கருவிகளோடு நீளமான முனைகளும் தருகிறார்கள். முடியை லேசாகக் கத்தரிக்கலாம். மழிக்க வேண்டாம், மழித்த தோல் எளிதில் எரிச்சல் கொள்ளும்.

பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே ஒரு விரல் இறுக்கமாக நுழைந்தால் போதும். தளர்ந்த பட்டை நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். தளர்ந்தால் முனைகள் தோலில் உராய்ந்துகொண்டே இருக்கும். துடிப்பும் ஒரு முறை போய்ச் சேரும், ஒரு முறை சேராது. "வேலை செய்யல" என்று எண்ணைக் கூட்டிக்கொண்டே போவார்கள். திடீரென்று முனை சரியாகத் தொடும்போது நாய் அலறும். அதிக இறுக்கமோ தோலை அழுத்திப் புண்ணாக்கும்.

இந்தப் புண்ணைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு முனைகள் நாள் முழுதும் அழுத்தினால் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைந்து தோல் அழுகத் தொடங்கும். படுக்கையிலேயே கிடக்கும் நோயாளிகளுக்கு முதுகில் வரும் படுக்கைப் புண்ணும் இதே வகைதான். பார்ப்பவர்கள் "கரண்ட் சுட்டுவிட்டது" என்கிறார்கள். பெரும்பாலும் காரணம் மின்சாரம் இல்லை, கழற்றாமல் விட்டதுதான். பட்டையை அணைத்து வைத்திருந்தாலும் இந்தப் புண் வரும். மழை ஈரம் உள்ள நம் ஊரில் இன்னும் சீக்கிரம் வரும்.

அதனால் பயிற்சி நேரத்தில் மட்டும் மாட்டி, முடிந்ததும் கழற்றிவிடுங்கள். பல தயாரிப்பாளர்கள் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றும், மாட்டியிருக்கும்போது ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பெட்டியின் இடத்தை மாற்ற வேண்டும் என்றும் எச்சரிக்கிறார்கள். தினமும் முடியை விலக்கிக் கழுத்தைப் பாருங்கள். வாரம் ஒருமுறை கழுத்தையும் முனைகளையும் ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். சிவந்திருந்தால் பட்டையை நிறுத்துங்கள். இரண்டு நாளில் ஆறாவிட்டால் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

கயிற்றை இந்தப் பட்டையில் கட்டவே கூடாது. இழுக்கும்போது முனைகள் தோலில் குத்தும். கயிற்றுக்கு வேறு சாதாரணப் பட்டையோ மார்புப் பட்டையோ போடுங்கள். உலோகச் சங்கிலி முனைகளைத் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

எந்த எண்?

சரியான எண் என்பது நாய் "உணர்ந்தது" என்று காட்டும் மிகக் குறைந்த எண். ஒன்றிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். நாய் வீட்டில் அமைதியாக இருக்கும் நேரத்தில் செய்யுங்கள். காது லேசாகத் துடிக்கும், தலை சாயும், ஈ உட்கார்ந்தது போல் கழுத்தைத் திருப்பிப் பார்க்கும். அங்கேயே நிறுத்துங்கள். கத்தினாலோ வாலை இடுக்கினாலோ உடலைத் தாழ்த்தினாலோ உதட்டை நக்கினாலோ அந்த எண் மிக அதிகம் என்று பொருள். மழை பெய்து நனைந்திருந்தால் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

ரிமோட் வீட்டில் ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும். தம்பி தங்கைகளுக்கு அது விளையாட்டுப் பொருள் ஆகிவிடக்கூடாது. கோபமாக இருக்கும்போது அதைத் தொடக்கூடாது. இது எளிதாகத் தெரியும், ஆனால் இதைத்தான் பலரால் கடைப்பிடிக்க முடிவதில்லை. துரத்தி ஓடி மூச்சு வாங்கி நிற்கும் மனிதனுக்குக் கையில் ஒரு பொத்தான் இருந்தால் அது பயிற்சிக் கருவியாக இருப்பதில்லை.

ஒரு மாணவனின் நாய்

படிவம் நான்கு மாணவன் ஒருவன் சென்ற ஆண்டு டியூஷன் முடிந்ததும் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தான்.

"டீச்சர், இதப் போட்டா ஓடுறது நின்னுருமா?"

"எது ஓடுது?"

"எங்க பிளாக்கி. மோட்டாரப் பார்த்தா விடாது. போன வாரம் சாப்பாடு கொண்டு வந்த அண்ணன் விழுந்துட்டாரு. அப்பா, இன்னொரு தடவ நடந்தா யார்கிட்டயாவது கொடுத்துருவேன்னு சொல்லிட்டாரு."

பெட்டியில் 99 வரை எண்கள் இருந்தன. கையேட்டில் மாட்டும் முறை பற்றி நான்கே வரி. அவன் பெற்றோரையும் வைத்துக்கொண்டு, என் முன்கையில் முனைகளை வைத்து ஒன்றிலிருந்து சோதித்தேன். முதலில் ஒன்றுமில்லை. பத்தைத் தாண்டியதும் எறும்பு கடிப்பதுபோல் இருந்தது. இருபதில் கை தானாக இழுத்துக்கொண்டது. தோலை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தபோது பன்னிரண்டிலேயே கை இழுத்தது. அவன் அம்மா அந்தப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, "இதுல 99 எதுக்கு டீச்சர் வச்சிருக்கான்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. (மாணவர்கள் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். பெரியவர்களும் இதயத்தில் கருவி பொருத்தியிருந்தால் தொடக்கூடாது.)

அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கேட்டுக்குத் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. தாழ்ப்பாள் விழாத கேட்டை நாய் மூக்கால் தள்ளித் திறக்கிறது. கேட்டின் கம்பிகள் வழியே தெரு முழுதும் தெரிகிறது. காலை ஐந்து மணி முதல் இரவு எட்டு மணி வரை பெற்றோர் இருவரும் வீட்டில் இல்லை. நாய்க்கு ஒரு நாளில் நடக்கும் ஒரே விஷயம் மோட்டார் போவதுதான்.

முதல் வாரம் பூட்டு மாற்றினார்கள், கேட்டின் கீழ்ப்பாதியை மறைத்தார்கள். அதோடு, மின்பட்டையின் பீப் ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டோம். பீப் ஒலித்ததும் ஒரு துண்டு வேகவைத்த கோழி. ஒரு நாளில் பத்துப் பதினைந்து தடவை, வீட்டுக்குள்ளேயே. பாவ்லோவ் சொன்னதுதான். சில நாளில் பீப் கேட்டால் பிளாக்கி எங்கிருந்தாலும் அவன் முன்னால் வந்து நின்றது. பிறகு பத்து மீட்டர் நீளக் கயிற்றில் மாலை நேரம் திடலுக்குக் கொண்டுபோனான். சாலை தூரத்தில் தெரியும் இடத்தில் தொடங்கி, வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாலைக்கு அருகில் வந்தான். அவன் அண்ணன் மோட்டாரில் மெதுவாகக் கடந்து போவார். நாய் மோட்டாரைப் பார்த்ததும், பாயும் முன், பீப், கோழி.

அவன் ஒரு நோட்டில் தினமும் எத்தனை முறை பாய்ந்தது என்று எழுதி வைத்து, வரைபடம் போட்டுக் காட்டினான். முதல் வாரத்தில் உயரமாக நின்ற கோடு ஆறாவது வாரத்தில் தரையை ஒட்டி இருந்தது. பிளாக்கி முற்றிலும் மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். சத்தம் அதிகமான மோட்டாருக்கு இன்றும் காதை விறைக்கும். ஆனால் அதை யாருக்கும் கொடுக்கவில்லை. மின்துடிப்புப் பொத்தானை ஒருமுறைகூட அழுத்தவில்லை. அவன் அப்பா சொன்னது, "கேட்டுக்குப் போட்ட பூட்டுதான் டீச்சர் பாதி மருந்து."

குரைப்புப் பட்டை வேறு

இதே குடும்பத்தில் இன்னொரு கருவி, குரைத்தால் தானாகத் துடிப்பு தரும் பட்டை. ஸ்கூடாயில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். ரிமோட் பட்டையிலாவது ஒரு மனிதர் பார்த்து முடிவு செய்கிறார். இதில் யாரும் இல்லை. பக்கத்து நாயின் சத்தத்துக்குத் தவறாக இயங்குவதும் உண்டு.

நாய் குரைக்கப் பல காரணங்கள். திருடனைக் கண்டு குரைப்பது ஒன்று. பதினைந்து மணி நேரம் தனியாகக் கட்டிப்போட்டதால் தவித்துக் குரைப்பது வேறு. இரண்டாவது நாயின் குரல்வளையை அடக்கினால் தவிப்பு போய்விடாது. அது காலைக் கடிக்கும், கதவைச் சுரண்டும், சாப்பிடாமல் கிடக்கும். வேலைக்குப் போகும் முன் இருபது நிமிட நடை, பகலில் மென்று விளையாட உணவு அடைத்த ரப்பர் பொம்மை, தெரு தெரியாத பின்பக்கத்தில் நிழலான இடம், மாலையில் பள்ளி விட்டு வரும் பிள்ளை செலவிடும் அரைமணி நேரம். இவை செய்யும் வேலையைப் பட்டை செய்யாது.

ஆய்வுகள் சொல்வது

மின்பட்டை வேலை செய்யவே செய்யாது என்று சொன்னால் அது உண்மையாகாது. 2024-இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஓடும் இரைப் பொம்மையைத் துரத்துவதை நிறுத்த 19 நாய்களைப் பயிற்றுவித்தார்கள். மின்பட்டைக் குழு நாய்கள் விரைவாக நிறுத்தின. அந்தக் குறுகிய காலத்தில் உணவு மட்டும் கொடுத்த குழுக்கள் நிறுத்தவில்லை. துடிப்பு பட்ட நேரத்தில் நாய்கள் கத்தியதையும் அவர்கள் பதிவு செய்தார்கள்.

மறுபக்கம், இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தினர் 63 வீட்டு நாய்களை மூன்று குழுக்களாகப் பிரித்துப் பார்த்தார்கள். மின்பட்டையைப் பயன்படுத்தியவர்கள் அனுபவமுள்ள பயிற்சியாளர்களே. 2014-இல் வெளியான முடிவின்படி, மின்பட்டைக் குழு நாய்களில் பதற்றத்தின் அறிகுறிகள் அதிகம். பலனில் மின்பட்டை மேலானது என்று காட்ட முடியவில்லை. 2020-இல் அதே பயிற்சிகளை மீண்டும் அலசியபோது, "வா", "உட்கார்" கட்டளைகளுக்கு உணவுப் பரிசு முறையில் பயின்ற நாய்களே சிறப்பாகக் கீழ்ப்படிந்தன. 2004-இல் நெதர்லாந்தில் காவல் நாய்களை ஆராய்ந்த இருவர், மின்னதிர்ச்சியில் பயின்ற நாய்கள் பயிற்சி இல்லாமல் பூங்காவில் நடக்கும்போதும் உரிமையாளர் அருகில் இருந்தால் பதற்றம் காட்டியதைக் கண்டார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்தக் கடைசி முடிவுதான். காட்டு விலங்கைத் துரத்தும் நாய்க்கு ஒரு கணக்கு இருக்கலாம். வாசலில் நம்மைப் பார்த்து வாலாட்ட வேண்டிய நாய்க்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

வேல்ஸ் நாட்டில் 2010 முதல் நாய், பூனைகளுக்கு இத்தகைய பட்டைகள் தடை செய்யப்பட்டுள்ளன. ஜெர்மனியில் 2006-இல் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் இதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அமெரிக்காவின் கால்நடை நடத்தையியல் மருத்துவர்கள் சங்கம் 2021-இல், எல்லா நாய்களுக்கும் பரிசு முறைப் பயிற்சியையே பரிந்துரைத்தது.

நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம் 2017 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. விலங்கைக் கொடுமைப்படுத்தியதாக உறுதியானால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டுக்கு மிகாத சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். கழுத்து அழுகும் வரை பட்டையை விட்டுவைத்தவர் "பயிற்சி கொடுத்தேன்" என்று சொல்வது நல்ல பதிலாக இருக்காது. இஸ்கண்டார் புத்ரி மாநகர் மன்றப் பகுதியில் நாய் வளர்க்க உரிமம் எடுக்க வேண்டும் என்பதையும் பெற்றோருக்கு நினைவூட்டுங்கள்.

மாணவர்களுக்கு

இதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு மேல்படிப்புக்கும் வழி இருக்கிறது. செர்டாங்கில் உள்ள மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்திலும் மலேசியக் கிளந்தான் பல்கலைக்கழகத்திலும் ஐந்தாண்டுக் கால்நடை மருத்துவப் படிப்பு உள்ளது. உயிரியல், வேதியியலில் இப்போதே கவனம் தேவை. மின்னியல் பிடிக்கிறவர்களுக்கு நம் ஸ்கூடாயிலேயே மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வலி தராமல் நாயின் அசைவையும் குரைப்பையும் எண்ணி உரிமையாளரின் கைப்பேசிக்கு அனுப்பும் பட்டையை உங்களில் ஒருவர் வடிவமைக்கலாம். பகலில் எந்நேரம், எதற்காக நாய் தவித்தது என்று தெரிந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அதுவரை, வீட்டில் யாராவது மின்பட்டை வாங்கலாம் என்று பேச்செடுத்தால் ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். ஒரு நோட்டை எடுத்து, நாய் எத்தனை மணிக்குக் குரைத்தது அல்லது ஓடியது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அப்போது வீட்டில் யார் இருந்தார்கள், கடைசியாக எப்போது நடக்கக் கூட்டிப்போனது என்று எழுதுங்கள். ஏழு நாள் எழுதியதை அப்பா அம்மாவிடம் காட்டுங்கள். பல வீடுகளில் வாங்க வேண்டியது கேட்டுக்கு ஒரு நல்ல பூட்டாகத்தான் இருக்கும். இணையக் கடைப் பட்டையைவிட அது மலிவு.